பட்ஜெட் பக்கத்தில் ஒரு பூட்டிய பெட்டி

பத்திரிகையில் பிழை திருத்துபவன் ஒழுங்காக வேலை பார்த்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கண் அசந்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில், மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, பக்கங்கள் அச்சுக்குப் போகும்வரை எழுத்து எழுத்தாக மேயும் வேலை எனக்கு. பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். ஷா ஆலத்தில் ஒரு டயர் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு இங்கே வந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பொருளாதாரம் யாரும் சொல்லித் தரவில்லை. பட்ஜெட் பக்கத்தைத் திருத்தித் திருத்தி ஒட்டிக்கொண்டது கொஞ்சம். பழைய புத்தகக் கடையில் யாரோ ஒரு புண்ணியவான் அடிக்கோடு போட்டு விற்றுவிட்டுப் போன மூன்று புத்தகங்கள் தந்தது மீதி.

வருடத்துக்கு ஒரு முறை, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து நிற்பார். அவர் மலாயில் பேசுவதை எட்டு மணிக்குள் தமிழாக்கி, பக்கத்தில் ஏற்றி, திருத்தி அனுப்ப வேண்டும். மறுநாள் காலை அதைப் பிரித்து, 'பற்றாக்குறை', 'மொத்த உள்நாட்டு உற்பத்தி' என்ற வார்த்தைகளைக் கண்டதும் ராசிபலனுக்குத் தாவிவிடும் அன்பர்களே, உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. சம்பளம் தராமல் இருந்திருந்தால் நானும் தாவியிருப்பேன்.

ஒரே ஒரு பத்தி

எனக்கு எதிர் மேசை சந்திரன் அண்ணனுடையது. செய்தியையும் படத்தையும் கணினியில் பக்கமாக அடுக்குவது அவர் வேலை. கிள்ளான்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். செய்தியைப் படிக்க மாட்டார், அளப்பார். பிரதமர் பேச்சாக இருந்தாலும் கோயில் கும்பாபிஷேகமாக இருந்தாலும் "ரெண்டு இஞ்ச் கூடுது, யாரையாவது வெட்டு" என்பதுதான் அவருடைய விமர்சனம்.

அவர் மகள் தர்ஷினி மருந்தாளர் படிப்பை முடித்து அரசு மருத்துவமனையில் சேர்ந்த வருடம் அந்தப் பழக்கம் மாறியது. அவளுக்குக் கிடைத்தது ஒப்பந்த வேலை. மூன்று வருடம், அதற்குப் பிறகு அரசாங்கத்துக்கு மனசு வந்தால் நீட்டிப்பார்கள், நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்புவார்கள். அந்த வருட பட்ஜெட் உரை வந்ததும் அண்ணன் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "தம்பி, கான்ட்ராக்ட் ஆளுங்கள நிரந்தரமாக்குறதப் பத்தி ஒரு பத்தி இருக்கா பாரு."

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினேன். மீனவர்களுக்கு இருந்தது. டாக்சி ஓட்டுநர்களுக்கு இருந்தது. மின்சாரக் கார் வாங்கப்போகிறவர்களுக்குக்கூட இருந்தது. தர்ஷினிக்கு இல்லை. சொன்னேன். அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய், பக்கத்தை அளக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பரவால்ல லா. இத்தன பேர ஒரே வருஷத்துல எப்பிடி ஞாபகம் வச்சுக்குவாங்க?"

வியாழக்கிழமைக் கருத்து

ஒரு ரகசியத்தை ஒப்புக்கொள்கிறேன். பட்ஜெட்டுக்கு மறுநாள் 'பொதுமக்கள் கருத்து' என்று ஐந்தாறு பேர் படத்தோடு வருமே, அதை நாங்கள் பட்ஜெட்டுக்கு முந்தின நாளே வாங்கிவிடுவோம். அமைச்சர் பேசி முடிக்க ஆறு மணியாகும். அதற்குப் பிறகு நிருபர் ஓடிப் போய் ஆளைப் பிடித்து, படம் எடுத்து, எழுதி அனுப்பினால் பக்கம் நிற்காது. ஆகவே வியாழக்கிழமையே தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் கருத்து அறுவடை நடந்துவிடும்.

பகலில் தூக்கம் வராத ஒரு வியாழக்கிழமை நானும் நிருபர் சாந்தியோடு போனேன். பூக்கடை வள்ளியம்மா அக்காதான் எங்கள் நிரந்தரப் பொதுமக்கள். மல்லிகைச் சரத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "போன வருஷம் நான் என்னா சொன்னேன்?" சாந்தி நோட்டைப் புரட்டி, "வெலவாசி கொறையணும், சின்ன வியாபாரிங்களுக்கு ஒதவி செய்யணும்னு சொன்னீங்கக்கா" என்றாள். "கொறைஞ்சுச்சா?" "இல்லக்கா." "ஒதவி?" "அதுவும் இல்ல."

வள்ளியம்மா அக்கா ஒரு முடிச்சுப் போட்டு நூலை அறுத்தார். "அப்ப அதையே போடு. போட்டோ மட்டும் புதுசா எடு, நான் மூக்குத்தி மாத்திட்டேன்."

ஆயிரத்தில் ஒரு பங்கு

நாட்டின் பற்றாக்குறையை ஒரே இரவில் ஆயிரத்தில் ஒரு பங்காக்கிய பெருமை எங்கள் பத்திரிகைக்கு உண்டு. பில்லியன் என்று வரவேண்டிய இடத்தில் மில்லியன் என்று வந்துவிட்டது. தலைப்பிலேயே. நானும்தான் பார்த்தேன், நானும்தான் விட்டேன். மறுநாள் அலுவலகத்துக்குப் பயந்துகொண்டேதான் வந்தேன். வேலை போய்விடும் என்றுகூட நினைத்தேன்.

தொலைபேசி அடித்துக்கொண்டேதான் இருந்தது. பத்துமலையிலிருந்து, செந்தூலிலிருந்து, காஜாங்கிலிருந்து. பதினேழு அழைப்புகளும் அதே இதழின் பன்னிரண்டாம் பக்கத்தில் ராகு காலம் தவறாக வந்ததைப் பற்றி. பற்றாக்குறையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியும் வந்தது, கொஞ்சம் துக்கமும் வந்தது. சுபாங் ஜெயாவிலிருந்து அழைத்த ஒரு பெரியவரிடம் வாய் சும்மா இராமல் கேட்டேன்: "ஐயா, முதல் பக்கத்துல அரசாங்கக் கணக்கும் தப்பா வந்திருக்கே, கவனிச்சீங்களா?"

அவர் சொன்னார்: "அது அவங்க பாடு தம்பி. ராகு காலத்துல பொண்ணு பார்க்கப் போனது நான்தானே?"

இறங்காத டீ

தர்ஷினியின் மூன்று வருடம் முடிந்தபோது ஒப்பந்தத்தை நீட்டித்துக் கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, ஆனால் வீட்டுக்கும் அனுப்பவில்லை. சந்திரன் அண்ணன் என்னைக் கீழே காதர் பாய் கடைக்கு அழைத்துப் போய் டீ வாங்கித் தந்தார். "பாதி சந்தோஷம், அதனால டீ மட்டும். நிரந்தரமானா பிரியாணி" என்றார்.

காசு கொடுக்கும்போதுதான் டீ மறுபடி பத்து சென் ஏறியிருப்பது தெரிந்தது. வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்ற திமிரில் நான் காதர் பாயைப் பிடித்துக்கொண்டேன். ஜிஎஸ்டி வந்தபோது விலையை ஏற்றினீர்கள், சரி. ஜிஎஸ்டி போனபோது ஏன் இறக்கவில்லை? பழைய விற்பனை வரி திரும்பி வந்தபோது மறுபடி ஏற்றினீர்களே, அது எந்தக் கணக்கு? அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். காதர் பாய் கோபப்படவில்லை. ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வெலய எறக்குனா பால்ல தண்ணி கலந்துட்டேன்னு நீங்கதான் மொதல்ல சொல்லுவீங்க, பாஸ்."

கடன் வாங்காதவன்

எனக்கு ஒரு கொள்கை உண்டு, அல்லது இருந்தது. வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், வீடானாலும் நாடானாலும். நான் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. மோட்டார் சைக்கிளைக்கூட மூன்று வருடம் சேர்த்து வைத்து ரொக்கமாக வாங்கினேன். அரசாங்கம் மட்டும் ஏன் வருடா வருடம் வருமானத்துக்கு மேல் செலவு செய்கிறது என்று பட்ஜெட் வாரத்தில் எதிர் மேசையிடம் புலம்புவேன். சந்திரன் அண்ணன் காதில் வாங்காதது போல் பக்கத்தை அடுக்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ கடன் வாங்கல. ஏன்னா ஒனக்குச் செலவு வைக்க ஆள் இல்ல. எம்பொண்ணப் படிக்க வைக்க நான் வீட்ட அடமானம் வச்சேன். வரவுக்குள்ள இருந்திருந்தா அவ இன்னிக்கு வேற எங்கயோ சாமான் அடுக்கிட்டு இருப்பா."

நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் வலித்தது. வலித்ததை மறைக்க, படித்ததை எடுத்துவிட்டேன். நம் நாட்டில் அரசாங்கம் நினைத்தபடி கடன் வாங்க முடியாதண்ணே, விதி இருக்கிறது. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று மேம்பாட்டுக்குத்தான் கடன் வாங்கலாம். சம்பளம், மருந்து, மின்கட்டணம் எல்லாம் வரிப்பணத்துக்குள் அடங்க வேண்டும். நல்ல விதிதான் என்று முடித்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாவது, ஆஸ்பத்திரி கட்டடத்துக்குக் கடன் வாங்கலாம். உள்ள நின்னு மருந்து குடுக்கறவளுக்கு வாங்கக் கூடாது."

"அப்பிடித்தாண்ணே."

"அப்ப எம்பொண்ணு கட்டடமாப் பொறந்திருக்கணும், தம்பி."

பெரிய எழுத்து

போன வருடத்துக்கு முந்தின வருடம் அந்தப் பத்தி வந்தது. சுகாதாரத் துறையில் ஒப்பந்தத்தில் இருக்கும் மருத்துவர்களும் மருந்தாளர்களும் கட்டங்கட்டமாக நிரந்தரமாக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். மலாய் உரையில் அதை நான்தான் முதலில் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை, கையை மட்டும் தூக்கினேன். அண்ணன் எழுந்து வந்தார். என் தோளுக்கு மேல் குனிந்து, விரலை வைத்து வைத்துப் படித்தார். அளக்கவில்லை, படித்தார். அப்போது தர்ஷினியின் கையில் சிங்கப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் வேலைக் கடிதம் இருந்தது. அங்கேயே, என் மேசையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டார். "வேணாம்னு எழுதிடும்மா. இங்கயே ஆயிடும்." அவளும் எழுதிவிட்டாள்.

பிறகு அண்ணன் அந்த ஆறேழு வரியைத் தனியாகப் பிரித்தெடுத்து ஒரு பெட்டியில் போட்டார். பின்னால் இளஞ்சாம்பல் நிறம். எழுத்தை இரண்டு பாயிண்டு ஏற்றினார். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து யாராவது வெட்டிவிடக் கூடாது என்று பெட்டியைப் பூட்டினார். கணினியில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் யார் கை பட்டாலும் அந்தப் பெட்டி நகராது, உள்ளே இருப்பது மாறாது. பக்கத்தைப் பார்க்க வந்த ஆசிரியர் புருவத்தைத் தூக்கினார்: "என்ன சந்திரன், மருந்தாளர் சங்கம் விளம்பரம் குடுத்திருக்கா?"

பூட்டு திறக்கப்படவில்லை

ஒரு வருடம் போயிற்று. கட்டங்கட்டமாக என்று சொன்னதில் சில கட்டங்கள் நடந்தன. தர்ஷினியின் தோழிகள் இருவருக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அவள் கட்டம் வரவில்லை. சிங்கப்பூர்க்காரர்கள் மறுபடி கேட்டார்கள். இந்த பட்ஜெட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று அண்ணன் அவளை நிறுத்தி வைத்திருந்தார். திங்கட்கிழமை நண்பகலுக்குள் பதில் போக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்து அண்ணன் விடுப்பு. அவர் மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. பக்கத்தை நான் கட்டுவதாக ஆயிற்று. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பட்ஜெட் பக்கத்தைப் புதிதாகச் செய்ய மாட்டோம். போன வருடப் பக்கத்தைத் திறந்து, பெயரை மாற்றிச் சேமித்து, பழைய செய்தியின்மேல் புதிய செய்தியைக் கொட்டுவோம். நானும் அப்படியே கொட்டினேன். எல்லாம் மாறியது. பூட்டிய பெட்டி மாறவில்லை. பிறகு பிழை திருத்துபவனாக நாற்காலியை இழுத்துப் போட்டு அதையும் படித்தேன். படித்தேன் என்பதுதான் கேவலம். சென்ற வருடம் நானே திருத்திய வரிகள், ஒற்றுப் பிழைகூட இல்லை. நல்ல செய்தி என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. பக்கத்தை அனுப்பிவிட்டு, கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாரை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் தர்ஷினி அழைத்தாள். "அங்கிள், மூணாம் பக்கத்துல இருக்கற பெட்டி போன வருஷத்து ஸ்பீச். இந்த வருஷம் எங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. நேத்து ஆறு மணிக்கே எங்க குரூப்புல எல்லாருக்கும் தெரியும்." அவள் குரலில் சண்டை இல்லை. மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற குரல். காலையில் அவள் அப்பா ஐந்து பிரதி வாங்கி வந்திருக்கிறார். அவள் போனைக் காட்டியிருக்கிறாள். "போன்ல வர்றத எவன் எழுதுறான்னே தெரியாது, இது எங்க பேப்பர், தம்பி பார்த்து பாஸ் பண்ணது" என்றுவிட்டாராம். சிங்கப்பூருக்கு வேண்டாமென்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாராம்.

தப்பு என்னுடையதுதான்மா என்றேன். வேறென்ன சொல்வது? அவள் கேட்டாள்: "போன வருஷம் அவங்க சொன்னதத்தானே நீங்க போட்டீங்க? அதுல எது தப்பு அங்கிள், நீங்க போட்டதா, அவங்க சொன்னதா?"

கிள்ளானில் ஒரு ஞாயிறு

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானுக்குப் போனேன். தர்ஷினி டூட்டிக்குப் போயிருந்தாள். அண்ணனின் மனைவியான அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னா, பிரியாணி மணம் ஒன் வீடு வரைக்கும் வந்துருச்சா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அண்ணே, அந்தப் பெட்டி போன வருஷத்துது. பூட்டியிருந்துச்சு. நான் கவனிக்கல. இந்த வருஷம் ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வரிகள்.

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் பூட்டுனதுதான்" என்றார். "அதே வார்த்த, அதே சாம்பல் கலர். எனக்கே தெரியல பாரு. வருஷா வருஷம் ஒரே மாதிரிதானே பேசுறாங்க."

உள்ளேயிருந்து அக்கா யார் வந்திருப்பது என்று கேட்டார். அண்ணன் பத்திரிகையை நான்காக மடித்தார். "எனக்காகத்தான் நீ எழுத்தப் பெருசாக்கி வச்சிருக்கேன்னு நெனச்சேன், தம்பி."

எட்டு வரி

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தர்ஷினி சிங்கப்பூருக்குச் சரி என்று எழுதிவிட்டாள். எழுதச் சொன்னவர் அவள் அப்பாதான். மாலையில் வழக்கம்போல் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

திருத்தம் போட வேண்டும் என்று நான் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. பத்திரிகையின் மானம் அவர் கவலை. யாரும் கேட்கவில்லையே, நாமாகப் போய் ஏன் சொல்ல வேண்டும், வேண்டுமானால் வரி விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி போடு என்றார். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். அண்ணன் அதற்குள் மூன்றாம் பக்கத்தில், அதே இடத்தில், அதே சாம்பல் நிறத்தில் எட்டு வரிக்குப் பெட்டி போட்டு முடித்திருந்தார். எழுத்தும் அதே அளவு. ஆசிரியர் எட்டிப் பார்த்து, இவ்வளவு பெரிதாகவா என்றார்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெருசா சொன்னதச் சின்னதா மறுக்கக் கூடாது, சார்." பெட்டி அப்படியே போயிற்று.

இந்த வருடம்

தர்ஷினி போய் ஒரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறாள். வீட்டு அடமானத்தில் பாதியை அடைத்துவிட்டாளாம். அவள் நின்ற மருந்து கவுண்டரில் இப்போது ஒரு ஆள் குறைவு. போன மாதம் அக்காவின் கண் சொட்டு மருந்துக்காக அண்ணன் அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்தார். வரிசை எண்ணை அழைத்த பிள்ளை, தாமதத்துக்கு மன்னிக்கணும் அங்கிள், ஆள் பத்தல என்றாளாம். அதை அவர் என்னிடம் ஒரு செய்தியாகத்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை.

இந்த வருட உரையில் பற்றாக்குறை குறைந்துவிட்டது என்று வந்தது. அதுதான் தலைப்பு. இத்தனை வருடமாக நான் ஆசைப்பட்ட தலைப்பு. ஒரு முறை படித்தேன், இரண்டு முறை படித்தேன், பில்லியனா மில்லியனா என்று விரல் வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. கடன் வாங்குவது நல்லது என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். வட்டி என்னவென்று படித்தவன். ஆனாலும் பக்கத்தில் கையெழுத்துப் போடக் கை போகவில்லை.

அண்ணன் கவனித்துவிட்டார். "என்னா, தப்பா?"

"இல்லண்ணே, சரியாத்தான் இருக்கு."

அவர் எழுந்து வந்து தலைப்பைப் படித்தார். இரண்டு பத்தி அகலம் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பவர்போல் தலையைச் சாய்த்தார். பிறகு என் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "போடு. கொறைஞ்சதுல எம்பொண்ணு சம்பளமும் இருக்கு. சின்னத் தொகதான், இருந்தாலும் நம்ம வீட்டுப் பங்கு."

கையெழுத்துப் போட்டேன். இருபது வருடம் படித்த என் பொருளாதாரத்தின் சுருக்கம் இவ்வளவுதான்: ஒரு கணக்கு சல்லிக் காசு பிசகாமல் நேராகிவிட்டால் அதற்காக யார் ஊரை விட்டுப் போனார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கைதட்டுங்கள்.